போகாத ஊருக்கு வழி: கற்பனை நாட்டுக்கு வரைபடம் போடுவது எப்படி?

கதையிலோ விளையாட்டிலோ மட்டும் இருக்கிற ஒரு நாட்டுக்கு வரைபடம் போடுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேள்விகள் எல்லாமே வடசென்னையிலிருந்து வந்தவை. இது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆறு, கால்வாய், முகத்துவாரம், கடல் அரிப்பு, கோட்டை, பேட்டை என்று வரைபடம் போடுகிறவர் பார்த்துப் படிக்க வேண்டியதில் பாதி, பாரிமுனைக்கும் எண்ணூருக்கும் நடுவிலேயே இருக்கிறது.

நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கற்பனையான ஒரு தீவு நாடு. கடற்கரையை வளைத்து வளைத்து அழகாக வரைந்துவிட்டேன். உள்ளே என்ன போடுவது என்று தெரியாமல் நிற்கிறேன். எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

கரையை இப்போதைக்கு எடுத்து ஓரமாக வையுங்கள். பாதியில் நின்றுபோகிற வரைபடங்களில் பெரும்பாலானவை கரையில் தொடங்கியவைதான். நிலம் கடல்மட்டத்தைத் தொடுகிற இடமே கரை. நிலத்தின் உயரம் முடிவாகாமல் அந்தக் கோட்டை எங்கே போட்டாலும் அது வெறும் வளைவுதான்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் கதையின் பயணங்களை எழுதுங்கள். யார், எங்கிருந்து எங்கே, எத்தனை நாள். அதில் நீளமான பயணம்தான் அளவுகோலைத் தீர்மானிக்கும். நாயகி 12 நாள் நடக்கிறாள் என்றால், ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் வீதம் 300 கிலோமீட்டர். ஏ3 தாளின் நீளம் 42 செ.மீ., அகலம் 29.7 செ.மீ. சுற்றிலும் 2 செ.மீ. ஓரம் விட்டால் 38 செ.மீ. நீளம் கையில் இருக்கும். 1 செ.மீ.க்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் 380 கிலோமீட்டர் கொள்ளும். பயணம் அடங்கிவிடும், மூச்சு விடவும் இடம் இருக்கும். கண்டம் அளவுக்கு வரைய வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். தமிழ்நாடு தெற்கு வடக்காகச் சுமார் 600 கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை நாடுகள், எத்தனை போர்கள் நடந்திருக்கின்றன!

அடுத்து 2 செ.மீ. கட்டங்களாகப் பென்சிலில் மெல்லிய கோடு போடுங்கள். மலை முகடு ஓடுகிற திசையை இரண்டு அல்லது மூன்று நீண்ட கோடுகளாக இழுங்கள். பிறகு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியிலும் உயரத்தை நூறு மீட்டர் கணக்கில் எழுதுங்கள். முகட்டில் 20, சரிவில் 8, அடிவாரத்தில் 3, சமவெளியில் 1, கடலுக்குள் கழித்தல் 1. இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள் வரும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக் குறுக்குவழி இல்லை. இப்போது பூஜ்ஜியம் வருகிற இடங்களையெல்லாம் சேருங்கள். உங்கள் கரை தானாக வந்து நிற்கும். முகடு கடலுக்குள் இறங்கும் இடத்தில் முனை, பள்ளத்தாக்கு இறங்கும் இடத்தில் விரிகுடா. நீங்கள் ஏற்கெனவே வரைந்த கரை மிகவும் பிடித்திருந்தால், முனைகளுக்கு நேராக முகடுகளை வைத்துத் தலைகீழாகவும் போகலாம்.

கரையில் பொதுவாக நடக்கும் தவறு, சுற்றிலும் ஒரே மாதிரி நெளிவது. மணற்கரை நேராக ஓடும். பாறைக்கரை உடைந்து உடைந்து கிடக்கும். சோழமண்டலக் கரையையும் கொங்கணக் கரையையும் அட்லாஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மலை கடலுக்கு அருகில் வரும் இடத்தில் மட்டும் நெளிவுகளை வையுங்கள், மற்ற இடத்தில் கையை நேராக ஓட்டுங்கள்.

அதற்குப் பிறகு ஆறு, காற்று, மழை, காடு. கடைசியாகத்தான் ஊரும் சாலையும். எல்லாம் முடிந்து பெயர்களும் இடம்பிடிக்கும் வரை பேனாவைத் தொட வேண்டாம்.

என் நாட்டின் நடுவில் பெரிய ஏரி. அதிலிருந்து இரண்டு ஆறுகள் கிளம்பி, ஒன்று கீழ்க்கடலுக்கும் மற்றொன்று மேல்கடலுக்கும் போகின்றன. இது தப்பு என்கிறான் நண்பன். கற்பனை உலகம்தானே, இருந்தால் என்ன?
– வாசகர், திருவொற்றியூர்

நண்பர் சொல்வது சரி. ஏரி நிரம்பும்போது, அதன் கரையில் எது மிகத் தாழ்ந்த இடமோ அங்கேதான் தண்ணீர் வழியும். வழிகிற இடம் அரிபட்டு இன்னும் தாழும். சில காலத்தில் மற்ற வழி வறண்டுவிடும். ஆகவே இயற்கையான ஏரிக்கு வெளியேறும் வழி ஒன்றுதான் நிலைக்கும். உள்ளே வரும் ஆறுகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆறும் அப்படித்தான். மேட்டிலிருந்து இறங்கும்போது ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டே போகும். சமவெளியில் வண்டலைக் கொட்டித் தன் படுகையைத் தானே மேடாக்கிக்கொள்கிற டெல்டாவில்தான் பிரியும். அதைத் தவிர்த்தால், மனிதர் கைவைத்த இடத்தில் பிரியும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதையும், கல்லணையில் வெண்ணாறு பிரிவதையும் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் இரண்டாகிறது. ஒன்று பூண்டி வழியாக எண்ணூரில் கடலைச் சேருகிறது. மற்றொன்று கூவமாகி நேப்பியர் பாலத்தருகே சேருகிறது.

மாயம் உள்ள உலகம் என்றால், மாயம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் விதியை மீறுங்கள். மற்ற இடங்களில் தண்ணீர் தண்ணீராக இருந்தால்தான் அந்த ஓர் ஆறு அதிசயமாகத் தெரியும். இரண்டு ஆறு கட்டாயம் வேண்டுமென்றால் ஏரியின் ஒரு பக்கத்தில் அணைக்கட்டு வையுங்கள். ஷட்டரைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே கதைக்கு ஒரு சண்டையைக் கொடுக்கும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. முகத்துவாரத்தில் பென்சிலை வைத்து, ஆற்றின் மேலேயே எதிர்த்திசையில் போங்கள். நீங்கள் எழுதிய உயர எண் ஓரிடத்தில்கூடக் குறையக் கூடாது. குறைந்தால் அங்கே ஏரி வர வேண்டும், இல்லையென்றால் ஆறு தப்பு. கிளையாறு சேரும் கோணம் கூர்மையாக, கடலை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கோட்டின் தடிமனும் பேச வேண்டும்: ஊற்றில் 0.2 மி.மீ., கடைசியில் 0.8 மி.மீ. இரண்டு ஆறுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதும் நடக்காது. கடற்கரைக்கு இணையாகப் பல ஆறுகளை வெட்டிக்கொண்டு போகிற நீர்வழி வேண்டுமானால், அது பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரி வெட்டிய கால்வாயாக இருக்கட்டும்.

என் கதையில் கடலோர ராஜ்ஜியம். நேரான மணற்கரை, அதில் தலைநகரம், அங்கேயே பெரிய துறைமுகம். பிறந்ததிலிருந்து கடலைப் பார்ப்பவன் நான். படத்தைப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது. எங்கே தப்பு?
– படகு உரிமையாளர், காசிமேடு

உங்களுக்கு இடிப்பதில் நியாயம் இருக்கிறது. நேரான மணற்கரையில் தலைநகரம் இருக்கலாம், இயற்கைத் துறைமுகம் இருக்க முடியாது. அலை உடைகிற வரிசையைப் பெரிய கப்பல் தாண்ட முடியாது. மதராஸே இருநூறு ஆண்டுக்கு மேல் அப்படித்தான் இருந்தது. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரை சேரும். அந்தப் படகின் பலகைகள் ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது பலகை நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. உங்கள் தலைநகரத்தை இப்படியே விட்டுவிட்டால் படத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி நங்கூரக் குறி போடுங்கள். சுற்றிலும் ஆழத்தை எண்ணாக எழுதுங்கள். மீட்டரில் எழுதாமல் பாகத்தில் எழுதினால் படத்துக்கு உயிர் வரும். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். கரையோரம் 2, அலை வரிசைக்கு வெளியே 5, நங்கூரத்தில் 7 அல்லது 8 என்று போகலாம்.

துறைமுகமேதான் வேண்டும் என்றால் மூன்று வழி உண்டு. பாறை முனைக்குப் பின்னால் ஒதுங்கிய விரிகுடாவில் வைக்கலாம். ஆற்று முகத்துவாரத்தில் வைக்கலாம். ஆனால் அங்கே மணல் திட்டு வளரும், வாய் இடம் மாறும், ஆற்றில் வேகம் குறையும் கோடையில் அடைத்துக்கொள்ளும். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இதற்காக மண்ணை வாரிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே. அந்தத் திட்டை, மணல் நகரும் திசையில் நீண்ட நாக்காக வரையுங்கள்.

மூன்றாவது வழி, கடலுக்குள் சுவர் கட்டுவது. கட்டினால் விளைவையும் வரைய வேண்டும். நம் கரையில் வருடத்தில் அதிக மாதங்கள் அலை தெற்கிலிருந்து சாய்வாக வருகிறது. மணலும் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்ச காலம் திரும்பும், ஆனால் மொத்தக் கணக்கில் வடக்குதான் ஜெயிக்கும். 1870களின் நடுவில் மதராஸ் துறைமுகச் சுவர் வேலை தொடங்கியது. 1881 புயலில் பெரும்பகுதி சிதைந்து, மறுபடி கட்டினார்கள். சுவர் மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. இன்று கரை நெடுக நீங்கள் பார்க்கும் பாறாங்கல் குவியலும், கடலுக்குள் நீட்டியிருக்கும் கல்சுவர்களும் அதற்காகப் போட்டவைதான்.

ஆகவே உங்கள் நாட்டில் மணல் எந்தத் திசையில் நகர்கிறது என்று முதலில் ஓர் அம்புக்குறி போடுங்கள். சுவரின் ஒரு பக்கம் அகலமான வெண்மணல். மறுபக்கம் கரைக்கோடு உள்வாங்கி, அதற்கு வெளியே கடலுக்குள் புள்ளிக்கோட்டில் ஒரு தெரு, ஒரு கோயில், ஒரு குப்பத்தின் பெயர். சுவர் கட்டிய ராஜாவுக்கும் அந்தக் குப்பத்துக்காரர்களுக்கும் என்ன உறவு இருக்கும் என்று படிக்கிறவருக்கே புரிந்துவிடும்.

கலங்கரை விளக்கம் வைத்தால் அதன் வெளிச்சம் எட்டும் தூரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் கிலோமீட்டரில் வரும். 36 மீட்டர் விளக்கு என்றால் 21 கிலோமீட்டர். படகில் 4 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு 7 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 28. எதிரிக் கப்பல் அதற்கு வெளியே இருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. நம் பூமி அளவுள்ள உலகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

பாலைவனமும் அடர்ந்த காடும் பக்கத்தில் பக்கத்தில் வரலாமா?
– வாசகி, மணலி

வரலாம், நடுவில் மலை இருந்தால். ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது காய்ந்துபோகும். ஆனைமலையில் சின்னக்கல்லாறு ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை பெறுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் கோயம்புத்தூருக்குக் கிடைப்பது 600லிருந்து 700 மி.மீ. தான். எனவே உங்கள் நாட்டில் மழைக்காற்று எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்து தாளின் ஓரத்தில் அம்பு போடுங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் புதர், அதற்கும் அப்பால் வறட்சி. இரண்டு பருவக்காற்று இருந்தால், இரண்டு பக்கமும் வெவ்வேறு மாதத்தில் பச்சையாகும். தமிழ்நாட்டின் கீழ்க்கரை ஐப்பசியில் நனைவதற்கு அதுதான் காரணம்.

குறிகளுக்கு வெளிநாட்டுப் படங்களின் ஊசியிலை மரத்தைத் தேட வேண்டாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து போதும். மலைச்சரிவு, காடும் மேய்ச்சலும், வயல், கழியும் மணலும், வறண்ட வெளி. ஐந்துக்கும் ஐந்து சின்னக் குறிகள் வைத்தால் குறிவிளக்கம் தயார். பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், கோடையில் காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் மாறிவருவதாகச் சொல்லும் பழைய மரபும் கைகொடுக்கும். ஒரே நாட்டுக்கு மழைக்கால வரைபடம் ஒன்று, கோடை வரைபடம் ஒன்று என்று இரண்டு போட்டுப் பாருங்கள்.

என் வீரன் கோட்டையிலிருந்து துறைமுகத்துக்கு ஓர் அத்தியாயத்தில் மூன்று நாளிலும், இன்னோர் அத்தியாயத்தில் பத்து நாளிலும் போய்விட்டான். எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், பெரம்பூர்

முதலில் வேகங்களை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நல்ல பாதையில் மூட்டையோடு நடப்பவர் நாளைக்கு 25 கிலோமீட்டர். மாட்டுவண்டி 15லிருந்து 20. மாடு மணிக்கு மூன்று கிலோமீட்டர் அளவில்தான் போகும், உச்சிவெயிலில் அவிழ்த்துவிடவும் வேண்டும். ஒரே குதிரையைப் பல நாள் ஓட்டினால் 40லிருந்து 50. ஆங்காங்கே குதிரை மாற்றினால் இதைவிட வெகுதூரம் போகலாம். வண்டிகளோடு போகும் படை, வண்டியின் வேகத்துக்கு மேல் போகாது. மலையேற்றத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும்.

படத்தில் ஸ்கேல் வைத்து அளந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரி நேர்கோட்டில் சுமார் 630 கிலோமீட்டர், இன்றைய நெடுஞ்சாலையிலேயே சுமார் 700. பழங்காலப் பாதைக்குச் சமவெளியில் 1.3 ஆலும், மலையில் 1.5 ஆலும் பெருக்குங்கள்.

தூரத்தை நாழிகையில் குறித்தால் கணக்கும் எளிது, படத்துக்கும் பொருத்தம். ஒரு நாழிகை 24 நிமிடம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் சரியாக 2 கிலோமீட்டர். 1 செ.மீ.க்கு 10 கிலோமீட்டர் என்ற படத்தில் 1 செ.மீ. என்பது ஐந்து நாழிகை நடை. இதைப் படத்தின் மூலையில் கோடாக வரையுங்கள். ‘1 செ.மீ. = 10 கி.மீ.’ என்று எழுத்தில் மட்டும் எழுதிவைத்தால், அச்சகத்தில் படத்தை 70 சதவீதமாகச் சுருக்கும் நொடியில் அது பொய்யாகிவிடும். கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும், எப்போதும் உண்மை சொல்லும்.

மலைகளை ஆங்கில ‘ஏ’ (A) வடிவில் போட்டால் வரிசையாகப் பல் முளைத்த மாதிரி இருக்கிறது.
– ஓவிய மாணவர், ராயபுரம்

ஒரே உயரம், ஒரே அடிக்கோடு, ஒரே இடைவெளி. மூன்றையும் மாற்றுங்கள். முதலில் முகட்டுக்கோட்டைப் பென்சிலில் நெளிவாக இழுத்து, அதன்மேல் சிகரங்களை வையுங்கள். பெரியது 12 மி.மீ., அடிவாரக் குன்று 4 மி.மீ. உயரம். தாளின் கீழ்ப்பக்கத்து மலையை முதலில் முடித்துவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதைப் பிறகு வரையுங்கள். மறைகிற பகுதியை வரையாமல் நிறுத்த வசதியாக இருக்கும். சிகரத்திலிருந்து இறங்கும் கோடு நேராக வராமல், இடமும் வலமுமாகக் கிளை விட்டு இறங்கட்டும்.

வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து வருவதாக வைத்து, வலப்பக்கச் சரிவில் மட்டும் 0.2 மி.மீ. பேனாவால் நெருக்கமான கோடுகள் போடுங்கள். வெளிவரைக்கு 0.35 போதும். வெளிச்சத்தைக் கீழிருந்து விட்டால் பலர் கண்ணுக்கு மேடு பள்ளமாகத் தெரியும். நிழல் கோடுகள் தண்ணீர் வழியும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே போட்டால் மலை கூரை ஓடு மாதிரி ஆகிவிடும். மறக்காமல் ஒரு கணவாய் விடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். அது இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து வணிகமும் படையெடுப்பும் வேறு கதையாகியிருக்கும்.

வடக்கு மேலேதான் இருக்க வேண்டுமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், தண்டையார்பேட்டை

கட்டாயமில்லை, தம்பி. அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி 1154இல் முடித்த உலகப் படத்தில் தெற்குதான் மேலே. ஐரோப்பாவின் பல பழைய படங்களில் கிழக்கு மேலே. உன் நாட்டு மக்கள் எந்தத் திசையைக் கும்பிடுகிறார்களோ அதை மேலே வை. ஆனால் திசைகாட்டும் பூவை மட்டும் போட மறக்காதே. அதன் நான்கு இதழிலும் நான்கு காற்றின் பெயரை எழுது: கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை.

டிடிபி வேலை செய்கிறேன். நண்பரின் கதைக்கு வரைபடம் போடுகிறேன். ஆற்றின் வளைவில் தமிழ்ப் பெயரை ஓடவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் வரும் அழகு தமிழில் வரவே இல்லை.
– வாசகர், கொடுங்கையூர்

வரும். ஆங்கிலப் படத்தின் வழக்கங்களை அப்படியே தமிழில் செய்யப் பார்ப்பதால்தான் வராமல் போகிறது.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு, துணைக்கால் எல்லாமே தனித்தனி எழுத்துகள். மென்பொருளுக்கு ‘கோ’ என்பது மூன்று துண்டு. வளைவில் விட்டால் மூன்றும் மூன்று கோணத்தில் சாயும். யூனிகோடு எழுத்துருவுக்கு மாறுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் இலவசம். மாறிய பிறகும் உடைந்தால் மென்பொருளின் அமைப்பில் குறை. அடோபியின் மென்பொருட்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். போட்டோஷாப்பில் டைப் பிரிவில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்று இருக்கும். வேலை தொடங்குமுன் ‘கொடைக்கோட்டை’ என்று தட்டி வளைவில் ஓடவிட்டுப் பாருங்கள். கொம்பு, துணைக்கால், சங்கிலிக்கொம்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அது உடையாமல் வந்தால் மற்ற எதுவும் உடையாது.

அடுத்தது எழுத்து இடைவெளி. ஆங்கிலப் படத்தில் நாட்டின் பெயரை எழுத்து எழுத்தாகப் பரப்பி, கிழக்கிலிருந்து மேற்கு வரை நீட்டுவார்கள். தமிழில் அந்த வசதியைத் தொடாதீர்கள். பரப்பியே ஆக வேண்டும் என்றால் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிப் பெட்டியாகத் தட்டி (‘கோ’ முழுதும் ஒரு பெட்டி) கையால் நகர்த்தி வையுங்கள். இல்லையென்றால் பெயரைப் பெரிதாக்கி, நிறத்தை வெளிறச் செய்து, நிலத்தின்மேல் இயல்பான இடைவெளியிலேயே கிடத்துங்கள். எங்கள் கண்ணுக்கு இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. அதனால் நாடு, மாவட்டம், ஊர் என்ற வரிசையை அளவாலும் தடிமனாலும் நிறத்தாலும்தான் காட்ட முடியும். ஏ3 படத்துக்கு நாடு 18 புள்ளி (பாயின்ட்), மண்டலம் 13, நகரம் 10 தடிமனாக, ஊர் 8. ஆற்றுக்கு 8 புள்ளி நீலத்தில், 10 டிகிரி சாய்வாக. ஏழுக்குக் கீழே இறங்க வேண்டாம். ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் அச்சில் அடைத்துக்கொள்ளும். எழுத்துரு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

மேலும் கீழும் கிளை நீட்டுவது நம் எழுத்தின் இயல்பு. கீ மேலே சுழிக்கும், ழு கீழே இறங்கும். ஆற்றுக்கு மேலே பெயர் வைத்தால் குறைந்தது 1.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். எழுத்தைச் சுற்றித் தாளின் நிறத்திலேயே 0.4 மி.மீ. விளிம்பு கொடுத்தால், சாலையோ மலைநிழலோ பின்னால் ஓடினாலும் படிக்க முடியும். ஊரின் பெயரைப் புள்ளிக்கு வலப்பக்கம் சற்று மேலே வையுங்கள். கரையோர ஊரின் பெயர் கடலுக்குள் நிற்கட்டும். கடலோடு சம்பந்தமில்லாத ஊரின் பெயர் நிலத்தை விட்டு வெளியே வர வேண்டாம். ஒரு பெயர் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போனால், ஊர் எந்தக் கரையில் இருக்கிறது என்று படிப்பவர் குழம்புவார். வளைவு கூர்மையாக இருந்தால் பெயரைச் சொல்சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லையும் நேராக வைத்துச் சாயுங்கள்.

எல்லாம் முடிந்து அச்சுக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றுங்கள். மாற்றாத பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், கதாசிரியர் கடைசி நிமிடத்தில் ஊர்ப்பெயரை மாற்றுவார்.

கோட்டை நகரம் ஒன்றுக்குத் தெரு அளவில் படம் வேண்டும். தெருக்களை எப்படி ஓடவிடுவது?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

உங்கள் ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். துணி வெளுக்கத் தண்ணீரும் வெயிலும் காயப்போட வெட்டவெளியும் வேண்டும். துணி வணிகம் நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வெளுப்பவர்கள் வேண்டும். அதனால் கோட்டைக்கு வெளியே, எட்டும் தூரத்தில் ஒரு பேட்டை உண்டாயிற்று. உங்கள் நகரத்திலும் ஒவ்வொரு தொழிலுக்கும் என்ன வேண்டும் என்று கேளுங்கள். தோல் பதனிடுபவர், சாயக்காரர் ஆற்றில் நகரத்துக்குக் கீழே. செங்கல் சூளையும் கொல்லர் உலையும் காற்று ஊரைத் தாண்டிப் போகும் பக்கம். மீனவர் கரையில். தானியக் கிடங்கு வெள்ளம் ஏறாத மேட்டில். பழைய புகார் (காவிரிப்பூம்பட்டினம்) நகரத்தில் கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவில் சந்தை என்று அமைந்திருந்தது. அந்த எலும்புக்கூடு எந்தக் கடலோரத் தலைநகரத்துக்கும் பொருந்தும்.

கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகளை நெருக்கி வரைவது அடிக்கடி நடக்கும் தவறு. பீரங்கி உள்ள காலம் என்றால் சுவருக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும், இல்லாவிட்டால் எதிரி வீடுகளின் மறைவில் சுவர்வரை வந்துவிடுவான். 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் புனித ஜார்ஜ் கோட்டையைப் பறிகொடுத்தபின் நடந்தது அதுதான். கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டு, ஊர் வடக்கே தள்ளிப்போனது. இதற்கு உள்ளே யாரும் கட்டக்கூடாது என்று நட்ட 1773ஆம் ஆண்டின் எல்லைத்தூண் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. உங்கள் படத்திலும் ஒரு வெட்டவெளி, அதன் விளிம்பில் நான்கைந்து தூண்கள் இருக்கட்டும்.

அளவு: 1 செ.மீ.க்கு 50 மீட்டர். பெரிய தெரு 8 மீட்டர், சந்து 2 மீட்டர். வாசலில் இருந்து கிளம்பும் சாலையையும், சந்தைக்கும் ஆற்றுத்துறைக்கும் போகும் தெருவையும் முதலில் போடுங்கள். மற்றவை அவற்றுக்கு இடையில் நிரம்பும். ஒவ்வொரு வீட்டையும் வரைய வேண்டாம். மனைத்தொகுதியின் விளிம்பை மட்டும் வரைந்து, கோயில், சத்திரம், குளம் போன்ற பத்துப் பதினைந்து கட்டடங்களைத் தனியே காட்டுங்கள்.

டீத்தண்ணீரில் நனைத்தால் பழைய படம் மாதிரி ஆகுமா?
– பிளஸ் டூ மாணவி, கொருக்குப்பேட்டை

ஆகும். ஆனால் மூலப்படத்தை நனைக்காதீர்கள். டீயின் கறை காலப்போக்கில் தாளை நொறுங்கச் செய்யும். 150 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) குறையாத தாளில் லேசர் பிரதி எடுங்கள். இங்க்ஜெட் மை பெரும்பாலும் கரைந்து ஓடும். கால் லிட்டர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி டஸ்ட் டீ, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவிடுங்கள். பாலும் சர்க்கரையும் கூடவே கூடாது, எறும்பும் பூஞ்சையும் வரும். தட்டில் ஊற்றித் தாளை இரண்டு மூன்று நிமிடம் முக்கி, பிளாஸ்டிக் விரிப்பில் படுக்கையாகக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கறை ஒரு பக்கம் இறங்கி நிற்கும். லேசாக ஈரம் இருக்கும்போதே பருத்தித்துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் நெளிவு போகும்.

எங்கள் சிறு பதிப்பகம் வெளியிடும் நாவலில் இரண்டு பக்கம் விரியும் வரைபடம் வருகிறது. அச்சில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், மண்ணடி

டெமி அளவு என்றால் விரிந்த இரண்டு பக்கமும் சேர்ந்து 28 செ.மீ.க்கு 21.5 செ.மீ. நடுவில் தைப்பு விழுங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் உள்விளிம்பில் 12 மி.மீ. அளவுக்கு ஊரோ பெயரோ வர வேண்டாம். அந்த இடத்தில் கடல், பாலை, காடு ஏதாவது ஒன்று கிடக்கட்டும். முடிந்தால் தைத்த பாரத்தின் (ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக்கட்டு) நடுப்பக்கத்தில் படத்தை வையுங்கள், ஒரே தாளாக இருப்பதால் கோடுகள் பிசகாது.

கறுப்பு ஒரே நிறத்தில் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் (பளபளப்புப் பூச்சில்லாத புத்தகத் தாள்) அச்சாகும் படத்தில் சாம்பல் நிறத்தைப் பயன்படுத்தாதீர்கள். அச்சில் அது புள்ளிகளாக உடைந்து, மெல்லிய எழுத்தைத் தின்றுவிடும். கடலுக்கும் நிழலுக்கும் கோடுகளையே போடுங்கள். அந்தத் தாளில் மை சற்றுப் பரவும். ஆகவே இறுதி அளவில் எந்தக் கோடும் 0.1 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, நெருக்கமான கோடுகளுக்கு இடையே 0.4 மி.மீ.யாவது வெள்ளை இருக்க வேண்டும். கையால் வரைந்த படத்தைக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாக 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். புகைப்படத்துக்குப் போதுமான 300 இதற்குப் போதாது, கோட்டின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். படத்தை இறுதி அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து சுருக்கினால் கை நடுக்கம் மறையும். ஆனால் எழுத்தின் அளவையும் கோட்டின் தடிமனையும் சுருங்கிய பிறகு என்ன ஆகும் என்று கணக்கிட்டு முதலிலேயே ஒன்றரை மடங்காக வைக்க வேண்டும். மொத்தமாக அச்சடிக்குமுன், அதே தாளில் ஒரு பாரம் அடித்து, மடித்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் கையெட்டும் தூரத்தில் வைத்து மிகச் சின்ன ஊரின் பெயரைப் படித்துப் பாருங்கள்.